லாயிட்டை யார் தூக்குவது

போன பிப்ரவரியில் வீணா என்று ஒரு பெண் கை நிறையக் காகிதத்தோடு எங்கள் வீட்டு மணியை அடித்தாள். ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். லிங்கராஜபுரத்தில் எழுபதைத் தாண்டியும் ஓர் இடத்தில் உட்காராமல் சுற்றுகிற கிழங்களைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்கிறாள். யாரோ என் புருஷன் ஹெர்பர்ட்டின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அங்கிள், ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். தெனம் வாக்கிங் போறீங்க, நாலு வீட்டுக்குப் போய் முடியாதவங்களப் பாக்கறீங்க, சர்ச் வேல செய்றீங்க. இந்த வயசுல உங்கள எது கெளப்பி விடுது? இதுல ஒண்ண டிக் பண்ணுங்க" என்றாள்.

தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன. உடல்நலம், குடும்பம், பக்தி, நண்பர்கள். ஐந்தாவதாக 'மற்றவை' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு. ஹெர்பர்ட் கண்ணாடியை மாட்டி நான்கையும் படித்தார். குடும்பம் என்ற கட்டத்தை ஈ ஓட்டுவதுபோலத் தாண்டிப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேராக ஐந்தாவதுக்குப் போய் 'லாயிட்' என்று எழுதி, யாரும் கேட்காமலேயே கீழே கையெழுத்தும் போட்டார்.

"லாயிட்னா யாரு அங்கிள்? உங்க ஃபிரெண்டா?"

"ஃபிரெண்டா? அந்த நாயா?"

அந்தப் பெண் திருதிருவென்று என்னைப் பார்த்தாள். நான் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். அன்றைக்கு அவளுக்குச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருக்கும். நாற்பத்தெட்டு வருஷம் ஒரே ஆளோடு குடித்தனம் நடத்தியவளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் சூசையப்பர் சபை என்று ஒன்று உண்டு. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். மேலே நடக்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார், கீழே சவப்பெட்டியைத் தூக்குகிற வேலையைச் சபை பார்த்துக்கொள்ளும். பங்கில் யார் செத்தாலும் ஆறு பேர் கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டையில் வந்து நிற்பார்கள். வீட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கோயிலுக்கு, கடைசியில் கல்லறைக் குழிக்கு, எல்லாம் தோளில்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று பேர். எதிரெதிராக நிற்கிற இரண்டு பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி சாயும், உள்ளே இருக்கிறவரும் சாய்வார். முன் ஜோடிக்குத்தான் பாரம் அதிகம். முன் இடது என் புருஷன், முன் வலது லாயிட். இருவரும் ஐந்தடி ஆறங்குலம். இந்த ஒரு பொருத்தத்துக்காக முப்பத்தொரு வருஷம் இருவரையும் யாரும் பிரிக்கவில்லை. நானும் ஐந்தடி ஆறுதான். கல்யாணப் போட்டோ எடுக்கும்போது என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவருடைய ஷூவைக் கழற்றச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

லாயிட் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர் என்பதால் சபைப் பேச்சே பஸ் பேச்சாகிவிட்டது. இடது பக்கத்து ஆள் "ரைட்" என்றால் பெட்டி கிளம்பும். வலது பக்கத்து ஆள் "ஹோல்டான்" என்றால் நிற்கும். வழியை மறித்து நின்று அழுகிற ஜனத்தை லாயிட் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் முன்னால் தள்ளுவார். அழுதுகொண்டிருந்த ஒரு அம்மா பழக்க தோஷத்தில் சில்லறையைத் தேடியதாகக்கூடச் சொல்வார்கள்.

ஹெர்பர்ட் ஒரு ஃபேக்டரியின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து அறுபதில் ரிட்டயர் ஆனார். மறுநாள் கூடத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வருஷம் எழுந்திருக்கவில்லை. சாவு வந்தால் மட்டும் கிளம்புவார், திரும்பி வந்து மறுபடி உட்காருவார். சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். "நடந்து எங்க போவணும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்.

மஸ்கட்டில் இருக்கிற எங்கள் மகள் ஆஞ்சலா, நடக்கிற அடிகளை எண்ணுகிற வாட்ச் ஒன்றை அனுப்பினாள். எண்ணிக்கை அவள் போனுக்கே போய்விடுமாம். ஹெர்பர்ட் அதை ஒரு நாள் கட்டிப் பார்த்துவிட்டு, நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது என் கையில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து காய்கறி, ரேஷன், கேஸ், கோயில் என்று நான் அலைகிற அலைச்சலெல்லாம் அவர் கணக்கில் ஏறியது.

"டாடி, நேத்து ஏழாயிரத்து முந்நூறு ஸ்டெப்ஸ்! சூப்பர் டாடி!" என்று மகள் போனில் கூவுவாள்.

"ஆமாம்மா. ஸ்வல்ப கால் வலிதான்" என்பார் நாற்காலியிலிருந்து. கால் வலியோடு நான் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பேக்கரி எரிக் செத்தார். நூற்றுப்பத்துக் கிலோ. தன் கடைச் சரக்கைத் தானே தின்று வளர்ந்த உடம்பு. கோயில் வாசல் படியில் இறங்கும்போது பெட்டியின் முன்பக்கம் தடாலென்று தரையில் இடித்தது. எரிக்கின் மனைவி போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துபோயின.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் டீயும் பன்னும் கொடுக்கிற இடத்தில் இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

"நீதான்டா வழுக்கின" என்றார் ஹெர்பர்ட்.

"நானா? நாற்காலில குந்திகினே இருந்து உன் காலு ரெண்டும் அவிஞ்ச பீன்ஸாட்டம் ஆயிடுச்சு. இன்னாத்துக்கு வந்து தோளக் குடுக்கற?" என்றார் லாயிட். அதோடு விட்டிருக்கலாம். பன்னை டீயில் முக்கிக்கொண்டே, சபையே கேட்கச் சொன்னார்: "எழுதி வெச்சிக்கோ ஹெர்பர்ட்டு. உன்ன நான்தான் தூக்குவேன். நீ என்னத் தூக்கப் போறதில்ல."

வழுக்கியது என் புருஷன்தான். நான் நேர் பின்னால் நின்று பார்த்தேன், வலது முழங்கால் மடங்கியது. ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட்டு அதே வீட்டில் சோறு பொங்க முடியுமா?

மறுநாள் காலை ஐந்தரைக்கு நாற்காலி காலி. அல்சூருக்கு முதல் பஸ் பிடித்து ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தார். அங்கே ஏன் என்றால், லாயிட் அங்கேதான் நடப்பார். லாயிட் ஒரு முனையிலிருந்து கிளம்பினால் இவர் மறுமுனையிலிருந்து. நடுவில் எதிரெதிரே வரும்போது ஒரு பேச்சு கிடையாது. அவன் மூச்சு வாங்குகிறானா என்று இவர் பார்ப்பார், இவன் நொண்டுகிறானா என்று அவர் பார்ப்பார். அதன்பின் எட்டு வருஷம் இருவருக்கும் நடுவே இருந்த பேச்சு இரண்டே வார்த்தைதான். இவர் "ரைட்" என்பார், அவர் "ஹோல்டான்" என்பார், அதுவும் ஒரு பிணம் நடுவில் இருந்தால்தான்.

வீட்டில் இருபத்தைந்து கிலோ சோனா மசூரி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி இறங்க ஆரம்பித்தார். கீழ் வீட்டு சேஷகிரி என்னை நிறுத்தி, "ஏன் மேடம், அரிசியத் தெனம் மாடிக்குத் தூக்கினு போறாரே, காயப் போடறதுக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. ஒருத்தரப் பொதைக்கறதுக்கு" என்றேன். ஒரு வாரம் மனிதர் என் பக்கமே திரும்பவில்லை.

பிறகு, முடியாமல் படுத்திருப்பவர்களைப் பார்க்கக் கிளம்பினார். பங்கே மெச்சியது, ஹெர்பர்ட்டுக்கு இரக்க குணம் வந்துவிட்டது என்று. இரக்கமாவது மண்ணாவது! ஒரு கையில் கமலா ஆரஞ்சு, சட்டைப் பையில் டூல் ரூம் இஞ்சு டேப். நோயாளியை ஐந்து நிமிஷம் விசாரிப்பார், படிக்கட்டைப் பதினைந்து நிமிஷம் அளப்பார். எங்கள் பக்கத்தில் சின்னச் சின்ன மனையில் மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள், படிக்கட்டு ஒரு ஆள் அகலம். எந்தத் திருப்பத்தில் பெட்டி திரும்பும், எங்கே திரும்பாது என்று பழைய டைரி ஒன்றில் எழுதி வைத்தார்.

இடுப்பு எலும்பு உடைந்து படுத்திருந்த ஃபாத்திமா டீச்சர் வீட்டுக்கும் போனார். மூன்றாவது வாரம் டீச்சர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வந்துவிட்டார். எப்படி டீச்சர் என்று கேட்டேன். "உன் வீட்டுக்காரன் என் படியை அளந்துட்டுப் போனான் குளோரியா. இனி படுத்துக் கெடந்தா வெளங்குமா?" என்றார்.

இத்தனையும் எதற்கு? லாயிட்டைத் தூக்க வேண்டும். லாயிட் தன்னைத் தூக்கிவிடக் கூடாது. வேறு ஒரு காரணமும் கிடையாது. உயரம் குறைய ஆரம்பித்ததும் ஷூவுக்குள் அட்டை வெட்டி வைத்துக்கொண்டார், ஜோடியை மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில்.

ஜூனில் புதுப் பங்குச் சாமியார் ஃபாதர் ரயான் வந்தார். நல்ல பிள்ளை. நல்லது செய்தே ஆளைக் கொல்கிற ரகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சபையை ஹாலுக்குக் கூப்பிட்டார்.

"அங்கிள்ஸ், உங்க சர்வீஸுக்கு ரொம்ப தேங்க்ஸ். ஆனா சேஃப்டி முக்கியம் இல்லையா? இனிமே எழுபதுக்கு மேல யாரும் பெட்டி தூக்க வேணாம். யூத் பாத்துப்பாங்க. ஒரு ட்ராலியும் வந்திருக்கு" என்றார்.

ஓட்டலில் தட்டு எடுத்துப் போகிற வண்டியின் பெரியண்ணன் மாதிரி பளபளவென்று ஒன்று மூலையில் நின்றது. எழுபத்துநாலு வயது ஹெர்பர்ட்டுக்கும் எழுபத்தைந்து வயது லாயிட்டுக்கும் ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம். ஜனம் கைதட்டியது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்த ட்ராலியையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் பொன்னாடையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டைரியைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார். அரிசி மூட்டையை நான் பிரித்துச் சமைக்க ஆரம்பித்தேன், அதற்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் வைத்ததைத் தின்பார், டிவி போடாமலேயே டிவியைப் பார்ப்பார். சட்டைக் காலரில் கழுத்து சுருங்கிக்கொண்டே போனது. மூன்று வாரத்தில் பத்து வயது கூடிவிட்டது.

எட்டு வருஷமாக இவர் கூத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான். இப்போது எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் இந்த நாற்காலியிலேயே செத்துப்போவார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆறுதல் சொன்னேன், கேட்கவில்லை. அழுதேன், பார்க்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவருக்கு ஆறுதல் ஒத்துக்கொள்ளாது, வசவுதான் ஒத்துக்கொள்ளும். அதுவும் நான் வைதால் பலிக்காது. பலித்திருந்தால் எப்போதோ பலித்திருக்கும்.

அன்று சாயங்காலமே லாயிட் வீட்டுக்குப் போனேன். நாலு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. மனைவி இறந்துவிட்டாள், மகன் க்ளென்னோடு இருக்கிறார். கதவைத் திறந்த க்ளென், "அப்பா எழுந்துக்கறதே இல்ல ஆன்ட்டி" என்றான். உள்ளே லாயிட் கட்டிலில் கிடந்தார். மூச்சு விசில் அடித்தது. எதிர்ச் சுவரில் அதே கடிகாரம்.

"அண்ணா, அவரு நாற்காலியிலயே கெடக்கறாரு. நீங்க ஒரு தடவ வந்து நல்லா திட்டிட்டுப் போங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றேன்.

லாயிட் சிரிக்கப் பார்த்து இருமினார். "இன்னா தங்கச்சி, புருஷன திட்டறதுக்கு ஆள் கூப்ட வந்துகிறியா?" பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இந்தப் படிய நான் இனி நடந்து எறங்கப் போறதில்ல. டாக்டர் க்ளென்கிட்ட குசுகுசுன்னாரு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி காமாலைல படுத்துகினேன் பாரு. ஒரு நாள் வெளிய சர்ரக் சர்ரக்குன்னு டேப்பு சத்தம். ஹெர்பர்ட்டு! உள்ள வரல. வாசல்ல ஆரஞ்ச வெச்சிட்டு, ரெண்டாவது மாடித் திருப்பத்த அளந்துட்டுப் போயிட்டான், படுபாவி. அன்னிக்கே எனக்குப் பாதி காமாலை எறங்கிடுச்சு, தெரியுமா?"

"அந்த எரிக் பெட்டி விஷயத்துல..." என்று நான் இழுத்தேன்.

"அவன் முட்டிதான் மடங்குச்சு. பாத்தேன். கோவத்துலதான் அப்பிடிச் சொன்னேன். மறுநாள் காலைல ஏரிக்கரைல எதுருக்க வரான்! சரி, இவன் நடக்கறதுக்கு இதுதான் மருந்துன்னா, இருக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் அவன் வேணும் தங்கச்சி. என் பையன் ஆறடி. அவன் தோளக் குடுத்தா நான் சாஞ்சுகினே போவணும். அந்தப் பசங்களுக்கு இந்தத் திருப்பம் தெரியாது. ஹெர்பர்ட்டுக்குத்தான் தெரியும்." மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னார்: "அவன்கிட்ட போய்ச் சொல்லு. நான் அன்னிக்குச் சொன்னது நடக்கப் போவுது. நீ என்னத் தூக்கப் போறதில்லடான்னு லாயிட் சொன்னான்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து குறைக்காமல். ஹெர்பர்ட் அணைந்து கிடந்த டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "அவன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டார். எட்டு வருஷத்தில் முதல் முறை.

"மூச்சு வாங்குது."

எழுந்தார். நாற்காலி கிறீச்சென்றது. பழைய பேப்பர் கட்டைப் பிரித்து டைரியை எடுத்துப் புரட்டினார். பிறகு சமையலறைக்குப் போய், "மூட்டைய ஏன்டி பிரிச்ச? பதினெட்டு கிலோ கூட இருக்காது" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பாதி மூட்டையோடு படியேறினார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"தூக்கக் கூடாதுன்னு ஃபாதர் சொல்லிட்டாரே?" என்று கீழிருந்து கத்தினேன்.

"நான் அவரக் கேட்டேனா?" என்று மொட்டை மாடியிலிருந்து பதில் வந்தது.

பதினோராம் நாள் காலை லாயிட் போய்விட்டார். க்ளென் போன் செய்தபோது ஹெர்பர்ட் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு, கறுப்புப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு எடுப்பது என்று கோயிலில் சொன்னார்கள். மூன்றே முக்காலுக்கு, "வா, துக்கம் கேக்கறதுக்கு ஃபாதர் பர்மிஷன் வேணாமில்ல?" என்றார்.

நாங்கள் போனபோது மழை விட்டிருந்தது. தெரு முழுக்கக் குழாய் பதிக்க வெட்டிப் போட்ட பள்ளம், சேறு. வண்டி தெருமுனையில் நின்றது. ட்ராலி வாசலில் ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து ஒருக்களித்துக் கிடந்தது. மேலே படிக்கட்டிலிருந்து ஒரே சத்தம். ஏறிப் பார்த்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில், சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே பெட்டி மாட்டிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு பையன்கள், பின்னால் இரண்டு பையன்கள், வேர்த்து ஊற்றுகிறது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஃபாதர் ரயான் மேல்படியில் புத்தகத்தோடு நின்று தவித்தார்.

ஹெர்பர்ட் டைரியைக்கூட எடுக்கவில்லை. "முப்பத்துமூணு இஞ்சு. படுக்க வெச்சா ஜென்மத்துக்கும் திரும்பாது. நிக்க வைங்கடா அவன!" என்றார்.

பையன்கள் அரண்டுபோய்ச் சாமியாரைப் பார்த்தார்கள். "அங்கிள், பாடிய நிக்க வைக்கறது மரியாதையா இருக்குமா?" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், இவன் முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னுகினே போனவன். சீட்டு காலியா இருந்தாக்கூட குந்த மாட்டான். கால் பக்கம் கீழ வரணும், அவ்ளோதான். ஏய், நீ கம்பிய விடு, நீ அடியப் பிடி. மெதுவா!"

பெட்டி நிமிர்ந்தது. ஐந்தடி ஆறு அங்குல லாயிட் ஐந்தடி சொச்சம் ஹெர்பர்ட்டுக்கு எதிரே நேராக நின்றார். திருப்புவதற்காக ஹெர்பர்ட் இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப் பிடித்தார். நெற்றி மூடியில் முட்டியது. இரண்டு படி கீழே நின்ற எனக்கு மட்டும் அது கேட்டது.

"எரிக் பெட்டி... வழுக்கினது நான்தான்டா" என்றார்.

பெட்டி திரும்பியது. மறுபடி சாய்த்துக் கீழே கொண்டுவந்தோம். சேற்றில் ட்ராலியை உருட்ட வழியில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபாதர் எதுவும் சொல்வதற்குள் ஹெர்பர்ட் முன் இடதில் குனிந்துவிட்டார். முன் வலதில் க்ளென் வந்தான். தூக்கினார்கள், பெட்டி தகப்பன் சொன்னபடியே சாய்ந்தது. இறக்கினார்கள். பையன்களில் ஒருவன் முயன்றான், இன்னும் மோசம். எல்லாம் பால் குடித்து வளர்ந்த நெட்டைகள். ஃபாதரும் நெட்டை.

ஹெர்பர்ட் தலையைத் தூக்கிக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "வா" என்றார்.

"லேடீஸ் தூக்கறதா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"நாப்பது வருஷமா கேஸ் சிலிண்டர நான்தான் தூக்கறேன். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கல" என்றேன். கல்யாணத்தன்று கழற்றியதுபோலச் செருப்பைக் கழற்றினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் வலதில் தோளைக் கொடுத்தேன். தினம் ஏழாயிரம் அடி யார் நடந்தது? என் கால் நடுங்கவே இல்லை. பெட்டி மட்டமாக நின்றது.

"ரைட்" என்றார் ஹெர்பர்ட்.

நடந்தோம். வெறுங்காலில் சேறு பிதுங்கியது. தெருமுனை வந்தது, வண்டி வந்தது, வண்டியின் கதவும் திறந்திருந்தது. நாங்கள் நிற்கவில்லை. வண்டியைத் தாண்டிப் பத்தடி, இருபதடி போய்க்கொண்டே இருக்கிறோம். டிரைவர், "ஐயோ, எங்க போறீங்க? வண்டி இங்க!" என்று பின்னாலிருந்து கத்துகிறான். பையன்கள் முன்னால் இருக்கிறவர் நிற்கட்டும் என்று வருகிறார்கள். ஹெர்பர்ட் நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார், கன்னமெல்லாம் கண்ணீர். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் தானாக நின்றதில்லை. நிறுத்துகிற வார்த்தை அவருடையது இல்லை. வலது பக்கத்து ஆளுடையது.

வலது பக்கத்து ஆள் இப்போது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஹோல்டான்" என்றேன்.

நின்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் விடியுமுன்பே விழித்துவிட்டேன். தூக்க வேண்டியவனைத் தூக்கியாயிற்று. இனி இவர் எதற்கு எழுந்திருப்பார்? நாற்காலி கிறீச்சென்று கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கேட்டது ஷூவுக்குள் அட்டையைத் திணிக்கிற சத்தம். எழுந்து கூடத்துக்கு ஓடினேன்.

"லாயிட் அண்ணாதான் போயிட்டாரே. இன்னும் எதுக்கு நடக்கறீங்க?"

ஹெர்பர்ட் என்னைத் தலையிலிருந்து கால்வரை, பக்கவாட்டில் ஒரு தடவை, ஃபிட்டர் பார்வை பார்த்தார். "நேத்து பாத்தேன். உன் தோளு நல்ல தோளு. ஆனா ஆளு கொஞ்சம் ஜாஸ்தி வெயிட்டு" என்றார்.

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

கையில் கிடைத்த தலையணையை எறிந்தேன். குறி தப்பவில்லை. பிறகு வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். இந்த மனிதர் என்னைத் தூக்குவதாவது! நான்தான் இவரை அனுப்பி வைப்பேன். அல்சூர் ஏரிக்கரையில் அவர் ஒரு முனையிலிருந்து நடப்பார், நான் மறுமுனையிலிருந்து. நடுவில் எதிரே வரும்போது பேச மாட்டோம். எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பார், அவர் முழங்கால் மடங்குகிறதா என்று நான் பார்ப்பேன். ஃபாதர் ரயான் அதற்குப் பிறகு வயசுப் பேச்சை எடுக்கவில்லை. ட்ராலியில் இப்போது பங்கு ஹாலில் பிஸ்கட் தட்டு வைக்கிறார்கள்.

ஆகஸ்டில் வீணா திரும்பவும் வந்தாள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டுமாம். ஹெர்பர்ட் கண்ணாடியை மாட்டினார். உடல்நலம், குடும்பம், பக்தி, நண்பர்கள் நான்கையும் தாண்டி ஐந்தாவதுக்குப் போனார். கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'குளோரியா. எழுபத்தெட்டு கிலோ.'

பேனாவைப் பிடுங்கி, எழுபத்தெட்டை அடித்துவிட்டு எழுபத்தாறு என்று எழுதினேன்.